சைட்காரில் புறப்பட்ட மாப்பிள்ளை

"எஞ்சின் வேலை தெரியுமோ?" என்று கேட்டால் "தெரியாது" என்று பதில் சொன்ன யாழ்ப்பாணத்து ஆண்பிள்ளை ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. சமைக்கத் தெரியாது என்போம். நீந்தத் தெரியாது என்போம். மொன்றியலில் இத்தனை காலம் இருந்தும் பிரெஞ்சு தெரியாது என்பதைப் பெருமையாகவே சொல்வோம். எஞ்சின் மட்டும் மானப் பிரச்சினை. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் எங்களுடையது. ஓட்டியவர்கள் சிலர், பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் பலர். அந்தப் பலரும் பிற்பாடு வெளிநாடு வந்து பொறியியலாளர் தோரணையில் கதைக்கத் தொடங்கிவிட்டோம்.

என்னுடைய தகுதியையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அயலவர் ஒருவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பும்போது, காபரேட்டருக்குள் ஊசிமருந்துக் குழாயால் கொஞ்சம் பெற்றோல் விடுவார். அந்தக் குழாயை நான் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். (கீழே போட்டு உடைத்தும் இருக்கிறேன்.) அவ்வளவுதான்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. நான் ஒரு உடுப்புத் தொழிற்சாலையில் துணி வெட்டிக்கொண்டு, மொன்றியலின் மேற்குப் பக்கம் நோத்ர-டாம்-த-கிரேஸில் சித்தி குடும்பத்தோடு ஒரு அப்பார்ட்மென்டில் ஒட்டிக்கொண்டிருந்தேன். சுகந்தி என்ற பெண்ணின் பேச்சுக்கால், அதாவது கலியாணப் பேச்சு, வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க, நகரின் வடக்கே இருக்கும் அஹுன்ட்சிக்குக்குப் போனோம். வாசலில் சப்பாத்தைக் கழற்றி நிமிர்வதற்குள் பெண்ணின் தகப்பன் என் முழங்கையைப் பிடித்துக் கராஜுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். ஊரில் றோட்டு ஓவசியராக இருந்தவர். எதையும் நேரே போய்ப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி.

கராஜுக்குள் ஒரு போர்வைக்குக் கீழே அது நின்றது. அவர் பிறந்த காலத்திலேயே இங்கிலாந்தில் செய்த மோட்டார் சைக்கிள். பக்கத்தில் ஒரு சைட்கார், அதாவது ஒற்றைச் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் தொட்டில் போன்ற ஓர் ஆசனம். அடுத்த தெருவில் கிழவர் ஒருவர் காலமானபோது அவருடைய மனைவியிடமிருந்து வாங்கியிருந்தார். போர்வையை அவர் விலக்கிய பக்குவத்தைப் பார்த்து, பெண் பார்க்கும் படலம் இதுதானோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

"தம்பிக்கு இஞ்சின் வேலை ஏதும் தெரியுமோ?"

"ஓம் மாமா."

(இன்னும் மாமா ஆகாத மனிதரை மாமா என்றது முதலாவது பொய். 'ஓம்' இரண்டாவது.)

"அப்ப இவளுக்கு என்ன வருத்தம் எண்டு சொல்லும் பாப்பம்."

உதைத்தார். எஞ்சின் பிடித்தது. கியரைப் போட்டு கிளச்சை விட்டார். எஞ்சின் வானதிரக் கத்தியது, வண்டியோ நின்ற இடத்திலேயே தயங்கியது. நான் நாடி பிடிக்கும் வைத்தியரைப் போலத் தலையைச் சரித்து, பெற்றோல் தாங்கியில் காதை வைத்து, கண்ணை மூடினேன். மோட்டார் சைக்கிளில் எனக்குப் பெயர் தெரிந்த உறுப்புகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். முதலில் ஞாபகம் வந்ததைச் சொன்னேன்.

"கிளச்."

மாமாவின் முகம் அப்படியே பூரித்துப் போனது. "எத்தினை பேருக்குக் காட்டியிருப்பன். ஒருத்தரும் இவ்வளவு கெதியாச் சொல்லேல்லை!" என்றவர், வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "இஞ்சேரும், தேத்தண்ணியைக் கொண்டுவாரும். தம்பியை எனக்குப் பிடிச்சுக்கொண்டுது."

சுகந்தி தேநீரோடு வந்தது அதற்குப் பிறகுதான். பெண் சம்மதிக்க முன்பே மோட்டார் சைக்கிள் என்னைச் சம்மதித்துவிட்டது. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது என்பதை அடுத்த கிழமை தொலைபேசியில் சொன்னாள். சொன்ன கையோடு கேட்டாள்.

"உண்மையா உங்களுக்கு இஞ்சின் வேலை தெரியுமோ?"

"சைக்கிளுக்குச் செயின் போடுவன்."

அவள் சிரித்த சிரிப்பில் ரிசீவர் அதிர்ந்தது. பிறகு குரலைத் தணித்து, "அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவர் வாற போற ஆக்களுக்கெல்லாம் உங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரியிறார். பாவம்" என்றாள். அவள் ஒரு கார்டரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பவள். ஆண்பிள்ளைகளின் பொய்யை எவ்வளவு தூரம் பொறுக்கலாம் என்பது அவளுக்குத் தொழில்முறையில் தெரியும்.

விஷயம் இதோடு நின்றிருந்தால் நல்லது. ஆனால் ஸ்காபரோவில் மாமாவின் தமக்கை ஒருவர் இருந்தார். பெரியமாமி. அவருடைய மகன் கலியாணத்துக்கு வெள்ளைக் குதிரையில் வந்து இறங்கியிருந்தான். அந்த வீடியோப் பிரதி கனடாவில் தமிழர் வாழும் எல்லா வீடுகளுக்கும் போயிருந்தது. மொன்றியலில் இருப்பவர்கள் எல்லாம் ஏதோ பின்தங்கிய பகுதியில் கஷ்டப்படுகிறார்கள் என்ற மாதிரித்தான் அவர் எங்களோடு கதைப்பார். மாமாவுக்கு அந்தக் குதிரை நெஞ்சுக்குள் நின்று கனைத்துக்கொண்டே இருந்தது.

"குதிரை வாடகைக் குதிரை. இது எங்கடை சொந்தம்" என்றார் ஒருநாள். "மாப்பிள்ளையை நானே சைட்காரிலை இருத்தி மண்டபத்துக்குக் கொண்டுவாறன்."

வழக்கப்படி மாப்பிள்ளையை அழைத்துவரப் போகவேண்டியவன் தோழன். பெண்ணின் சகோதர முறையான ஒரு பையன். மாமா அதை மாற்றிவிட்டார். தோழன் மண்டப வாசலில் செம்போடு நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவட்டும், கூட்டிவருவது தன் வேலை என்றார். பெரியமாமி தொலைபேசியிலேயே வெடித்தார்: "பெண்ணைப் பெத்தவன் மாப்பிள்ளைக்கு ட்றைவரோ? அந்தக் கிழட்டுச் சாமான் றோட்டிலை நிண்டால் எங்களுக்கெல்லோ மானக்கேடு!" மாமா நிதானமாகச் சொன்னார். "அது நிக்காது அக்கா. திருத்துறது மாப்பிள்ளை."

இப்படியாக ஒரு மனிதரின் மானம் முழுவதும், துணி வெட்டத் தெரிந்த ஒருவனின் கையில் வந்து சேர்ந்தது.

இணையத்தில் ஒரு மன்றம் இருந்தது. பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் ஆங்கிலேயக் கிழவர்கள் அதில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே அறிவையும் பகிர்ந்துகொள்வார்கள். அவர்களின் காலடியில் கிடந்து நான் பாடம் படித்தேன். கிளச் என்பது இறுக்கி அடுக்கிய வட்டத் தகடுகள். அவை ஒன்றையொன்று பிடித்தால்தான் எஞ்சினின் பலம் சக்கரத்துக்குப் போகும். இடையில் எண்ணெய் புகுந்துவிட்டால் தகடுகள் வழுக்கும். எஞ்சின் கத்தும், சக்கரம் கேட்காது. (பிள்ளைகள் வளர்ந்த வீட்டில் தகப்பன் கத்துவது போல.) மாமாவின் வண்டியில் ஒரு ரப்பர் வளையம் தேய்ந்து எண்ணெய் ஒழுகியிருந்தது. வளையத்தை மாற்றவேண்டும், தகடுகளைக் கழற்றிச் சவர்க்காரத் தூளில் அவித்துக் காயவைக்கவேண்டும், திரும்பப் பூட்டவேண்டும். அதற்குப் பிறகு ஒரு துளி எண்ணெய்கூட அவற்றில் படக்கூடாது என்று கிழவர்கள் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள்.

அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. வைத்தியர் என்ன மருந்தின் பெயரை ஊருக்கெல்லாமா சொல்லிக்கொண்டிருப்பார்?

மூடியைக் கழற்றும்போது "தள்ளி நில்லுங்கோ மாமா, இது ஆபத்தான இடம்" என்றேன். ஆபத்து எனக்குத்தான். அமுக்கி வைத்திருந்த சுருள்கம்பி ஒன்று பாய்ந்து என் நெற்றியில் பட்டு, மூலையில் இருந்த அரிசி மூட்டைக்குப் பின்னால் விழுந்தது. "அது அப்பிடித்தான் வரும்" என்றேன், நெற்றியைத் தடவாமல். மாமா பக்தியோடு தலையாட்டினார்.

தகடுகளை அவிக்க நான் தெரிந்தெடுத்த நாள், அந்த வீட்டில் பலகாரச் சூடு நடந்த நாள். கலியாணத்துக்குச் சில நாள் முன்பு பெண்கள் கூடியிருந்து முறுக்கும் பயற்றம் பணியாரமும் சுடுவார்கள். கராஜ் முழுக்கச் சட்டியும் தாச்சியும் மாவும். நான் ஒரு பழைய பானையை இரந்து வாங்கி, பின்வளவில் அடுப்பு வைத்து, தகடுகளைச் சவர்க்கார நுரையில் கொதிக்கவிட்டேன். பக்கத்து வீட்டுப் பிரெஞ்சு பேசும் கிபெக்கார மனிதர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து "சூப்போ?" என்ற மாதிரி ஏதோ கேட்டார். "உய்" என்றேன், அது பிரெஞ்சில் 'ஓம்'. அவர் நெடுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே போனார்.

அவித்த தகடுகளைத் துடைத்து, கராஜ் மேசையில் பத்திரிகைத் தாள் விரித்துப் பரப்பினேன். அந்த நேரம் பார்த்துச் சித்தி தொலைபேசியில் கூப்பிட்டார். தலைப்பாகைக்கு அளவு பார்க்கும் ஆள் வந்து காத்திருக்கிறாராம். ஈரப்பட்ட வெறும் இரும்பு விடியுமுன் துருப்பிடித்துவிடும் என்றும் கிழவர்கள் எழுதியிருந்தார்கள். அதனால் புறப்படும்போது மாமியிடம் பொறுப்பை ஒப்படைத்தேன். மாமி அதிகம் கதைக்காதவர். சொன்ன வேலையைச் சொன்னதிலும் ஒரு படி கூடவே செய்பவர்.

"மாமி, இந்தத் தட்டுகள் காயட்டும். கறள் மட்டும் பிடிக்கக்கூடாது. கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ."

"நீங்கள் யோசியாதேங்கோ தம்பி. இரும்புச் சாமான் வைச்சுப் பாவிக்க எனக்குத் தெரியாதே?"

நிம்மதியாகப் போய்விட்டேன்.

அடுத்த நாள் திரும்பி வந்தபோது என் தலையில் நல்லெண்ணெய் மணத்தது. கலியாணத்துக்கு முன் உடம்புச் சூடு தணியவேண்டுமென்று சித்தி காலையில் எண்ணெய் முழுக்காட்டி அனுப்பியிருந்தார். கராஜைத் திறந்தால், தகடுகள் கண்ணாடி போல மின்னிக்கொண்டு கிடந்தன. ஒரு பொட்டுக் கறள் இல்லை. எனக்கே என்னை நினைத்து மெய்சிலிர்த்தது.

"பாத்தியளே மாமா பளபளப்பை! முறையா அவிச்சால் இப்பிடித்தான் வரும்."

கதவடியில் மாமி நின்று அடக்கமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னை நினைத்துத்தான் பெருமைப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். தகடுகளைக் கையில் எடுக்க, கொஞ்சம் வழுவழுப்பாகத்தான் இருந்தது. எண்ணெய் மணமும் வந்தது. தலையில் இருந்து கைக்கு வந்திருக்கும் என்று கையைத் துடைத்துக்கொண்டு பூட்டினேன். பின் ஒழுங்கையில் மாமா மெதுவாக ஒரு சுற்றுப் போய் வந்தார். சமதரை, ஒற்றை ஆள், ஆடாமல் அசையாமல் ஓடியது. இறங்கி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "நல்ல பிள்ளை கிடைச்சிருக்கு" என்று மட்டும் சொன்னார். பின்னால் நின்ற சுகந்தி, நம்பமுடியாத பார்வை ஒன்றை எனக்கு அனுப்பினாள்.

கலியாண நாளும் வந்தது. மண்டபம் ஜான்-டலோன் சந்தைக்குக் கிட்ட, இத்தாலியர் ஒருவருடையது. மணவறைக்குப் பின்சுவரில் வெனிஸ் நகரத்துப் படகு ஒன்று வரைந்திருக்கும். அதை அழிக்கமுடியாது என்று சொந்தக்காரர் சொல்லிவிட்டார். பத்து மணியோடு முகூர்த்தம் கழிந்துவிடும், பிறகு ராகுகாலம். எங்கள் உறவினர்கள் எல்லோரையும் மாமா முன்கூட்டியே அனுப்பிவிட்டார். வாசலில் மேளமும் வீடியோக்காரரும் தயாராக நிற்க, நாங்கள் இருவரும் கடைசியாக, தனியாக, கம்பீரமாகப் போய் இறங்கவேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு.

மாமா பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, சால்வையை இடுப்பில் இறுக்கி, ஹெல்மெட்டோடு ஏறினார். நான் சைட்காருக்குள். சட்டம் மாப்பிள்ளைக்கும் சட்டம்தானே, ஆகவே தலையில் ஹெல்மெட், மடியில் தலைப்பாகை. முழங்கால் இரண்டும் நாடிக்குக் கிட்ட வந்தன. ஆனாலும் தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்துக் கைகாட்டியபோது நான் பதிலுக்குக் கையை மெல்ல உயர்த்தினேன், பட்டத்து இளவரசன் மாதிரி.

கொஞ்சத் தூரம் போக எஞ்சினின் சத்தம் கூடியது. "இண்டைக்கு நல்லாப் பாடுறாள்!" என்று மாமா கத்தினார். வேகம் மட்டும் கூடவில்லை. எங்களை ஒரு சைக்கிள்காரி முந்திக்கொண்டு போனாள். அவளுடைய கூடைக்குள் ஒரு நாய்க்குட்டி இருந்தது, அதுவும் எங்களைத் திரும்பிப் பார்த்தது.

பிறகு மணம் வந்தது.

"தம்பி, உமக்கும் நல்லெண்ணெய் மணக்குதோ?"

"அது என்ரை தலை மாமா!"

"ஹெல்மெட்டுக்குள்ளாலையோ?"

பதில் சொல்வதற்கிடையில் றோட்டு கீழே இறங்கத் தொடங்கியது. ரயில் பாதைக்கு அடியால் பள்ளமாக இறங்கி, மறுபக்கம் ஏறும் சுரங்க வழி அது. இறங்கும்போது வண்டி அழகாக இறங்கியது. அடிப் பள்ளத்துக்கு வந்து ஏறவேண்டிய நேரத்தில் மாமா கைபிடியை முறுக்கினார். எஞ்சின் அலறியது. சுரங்கச் சுவர் முழுக்க எதிரொலித்தது. வண்டி நின்றுவிட்டது. மேலும் முறுக்கினார். கிளச் மூடியின் பக்கத்தில் இருந்து வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பியது. அந்தப் புகையில் பெற்றோல் மணமும் இல்லை, றப்பர் மணமும் இல்லை. தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுச் சுழற்றும்போது வருமே, அந்த மணம். சுரங்கம் முழுவதும் யாரோ ஊருக்கே தோசை சுடுகிறார்கள் போல் இருந்தது. எனக்கு வெட்கத்தை மீறிப் பசி எடுத்தது.

மாமா எஞ்சினை நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். என்னைப் பார்க்கவில்லை.

"தட்டுகளை அவிச்சுப்போட்டு ஆரிட்டைக் குடுத்தனீர்?"

"மாமியிட்டை... கறள் பிடியாமல் பாக்கச் சொல்லி."

அவர் சால்வை மடிப்பில் இருந்து செல்போனை எடுத்து அழைத்தார். மாமியின் குரல் மேளச் சத்தத்துக்கு மேலால் எனக்கும் கேட்டது.

"எங்கையப்பா நிக்கிறியள்? ஐயர் அவசரப்படுத்துறார்."

"வந்துகொண்டிருக்கிறம். இஞ்சேரும், அண்டைக்குத் தம்பி தந்த தட்டுகளை என்ன செய்தனீர்?"

"ஏன்? கழுவின இரும்பை வெறுமனே விடலாமே? முறுக்குச் சுட வைச்சிருந்த நல்லெண்ணெயிலை ரெண்டு பக்கமும் பூசித் துடைச்சு வைச்சனான். ஒண்டையும் விடேல்லை. தம்பிக்குச் சொல்லுங்கோ, நல்ல எண்ணெய்தான் எண்டு."

தோசைக்கல், அரிவாள்மனை, இடியப்ப உரல். எங்கள் வீட்டுப் பெண்கள் இரும்பைக் கழுவினால் எண்ணெய் பூசாமல் வைத்ததுண்டா? கறள் பிடிக்கக்கூடாது என்று ஒரு தமிழ்த் தாயிடம் சொல்லிவிட்டு, எண்ணெய் பூசாதீர்கள் என்று சொல்லாமல் வந்த அறிவாளி உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

மாமா குனிந்து கிளச் மூடியைப் பார்த்தார். பிறகு, "நல்ல வேலை செய்தனீர்" என்று சொல்லிப் போனை மூடினார். அந்தக் குரலில் கோபத்தின் சாயல்கூட இல்லை.

முகூர்த்தம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் இறங்கித் தள்ளினோம். பட்டு வேட்டிகள், கறுப்புக் கிறீஸ், பின்னால் வாகனங்களின் ஹோர்ன். மேட்டின் உச்சிக்கு வந்தபோது எனக்கு மூச்சு இல்லை, மாமாவுக்கு ஒரு செருப்பு இல்லை. அந்த இடத்திலேயே ஒரு பஸ் தரிப்பு இருந்தது. பஸ்ஸும் வந்துகொண்டிருந்தது. மாமா வண்டியை ஓரம் கட்டினார். அதன் ஆசனத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார். தெருவில் அதை விட்டுவிட்டு வருவது அவருக்கு எவ்வளவு வலித்தது என்பது எனக்குத் தெரிந்தது. என் முட்டாள்தனத்தை நினைத்து அந்த நேரம் எனக்கு உண்மையாகவே அழவேண்டும் போல் இருந்தது.

"ஏறும் தம்பி," என்றார். "அவள் நிப்பாள். பிள்ளை நிக்கமாட்டாள்."

சாரதி ஒரு ஹெயிட்டிப் பெண். தலைப்பாகையை, சால்வையை, கிறீஸை, மாமாவின் ஒற்றைச் செருப்பை வரிசையாகப் பார்த்தார். மாமா தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "மரியாஜ்! மரியாஜ்!" (கலியாணம்) என்று என்னைச் சுட்டிக்காட்டினார். "மொந்தே, மொந்தே!" என்று அவர் எங்களை ஏற்றி, பஸ் முழுவதற்கும் ஏதோ அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். சந்தைக்குப் போகிற இத்தாலியக் கிழவி ஒருத்தி தன் பையை மடியில் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளைக்கு இடம் விட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். "மாமா, எல்லாரும் கேட்டால் மாமி எண்ணெய் பூசினதாலைதான் எண்டு..."

"கதைக்காதையும்." மாமா முதல் தடவையாக என்னை நேரே பார்த்தார். "அவ நீர் சொன்னதைத்தான் செய்தவ. இது அக்காவின்ரை காதுக்குப் போனால், ஆயுசுக்கும் அவவைச் சொல்லிக் காட்டுவா. அவ தனக்குள்ளை வைச்சு அழுவா. பெத்த தாய்க்கு மகளின்ரை கலியாணத்திலை அழ வேறை காரணம் இருக்கு. இது வேண்டாம்."

நான் ஒரு நல்ல குடும்பத்துக்குள் போகிறேன் என்பது எனக்கு அந்த பஸ்ஸுக்குள்தான் விளங்கியது.

மண்டபத்துக்கு நேர் எதிரே தரிப்பு. வாசலில் தவிலும் நாதஸ்வரமும் தெருமுனையைப் பார்த்து நின்றன. நாங்கள் அவர்களின் முதுகுப் பக்கமாக பஸ்ஸிலிருந்து இறங்கினோம். வீடியோக்காரர் திரும்பி ஓடி வந்த காட்சி தலைகீழாகப் பதிவாகியிருக்கிறது. பெரியமாமி மார்பில் கைவைத்தார்.

"பஸ்ஸிலையோடா?"

"ஓம் அக்கா," என்றார் மாமா. "குதிரையிலை ஒருத்தர்தான் இருக்கலாம். இதிலை எத்தினை பேர் இருக்கலாம் பாருங்கோ."

பின்னால் பஸ் நீளமாக ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது. தோழன் என் காலைக் கழுவினான். (அன்று அந்தச் சடங்குக்கு மெய்யாகவே தேவை இருந்தது.) மாமி ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தார். "என்ன தம்பி நடந்தது? ஏன் நிண்டது?"

"பிழையாப் பூட்டிப்போட்டன் மாமி. எனக்கு இந்த வேலை சரியாத் தெரியாது."

இரண்டாவது வசனம், சுகந்தியைத் தவிர அந்த வீட்டாருக்கு நான் சொன்ன முதல் உண்மை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியமாமி மற்றவர்களுக்கும் கேட்கும்படி சிரித்தார். பிறகு மணவறையில் என் பக்கத்தில் வந்து இருந்த சுகந்தி தலை நிமிராமலே, "சைக்கிள் செயின்" என்று எனக்கு மட்டும் கேட்க முணுமுணுத்தாள். முகூர்த்தத்துக்குள் தாலி கட்டினேன்.

தாலிக்கு முன்னர் தாரை வார்க்கும் நேரம் வந்திருந்தது. மகளின் கையை என் கையில் வைத்து, அதற்கு மேல் தன் கையை வைத்து மாமா தண்ணீர் வார்த்தார். கழுவியும் போகாத கிறீஸ் அவருடைய விரல்களில் கறுத்துக் கிடந்தது. கலியாண அல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. மருதாணிக் கையும் இரண்டு மெக்கானிக் கைகளும். எனக்குக் கண் கலங்கியது. ஓமப் புகை என்று சமாளித்தேன்.

அடுத்த கிழமை மாமாவும் நானும் கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு தகடுகளைத் திரும்ப அவித்தோம். அவை காயும்வரை மாமா மேசைக்குப் பக்கத்தில் கதிரை போட்டுக் காவல் இருந்தார், சாப்பாட்டுக்குக்கூட எழும்பவில்லை. பின்னேரம் மாமி எண்ணெய்க் கிண்ணத்தோடு எட்டிப் பார்த்தார். "பூசியாச்சு, பூசியாச்சு" என்று மாமா இரண்டு கையாலும் தடுத்து அனுப்பினார். வண்டி இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது.

எனக்குத்தான் விமோசனம் கிடைக்கவில்லை. மொன்றியலிலும் ஸ்காபரோவிலும் எனக்கு 'பஸ் மாப்பிள்ளை' என்று பெயர். அதிகம் கதைக்காத மாமி, இந்த ஒரு கதையை மட்டும் எந்தச் சபையிலும் விடமாட்டார். பிறந்தநாளோ, இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டியோ, நாலு பேர் கூடி, யாராவது என் கலியாணப் பேச்சை எடுத்தால் போதும்.

"நான் ஒவ்வொரு தட்டா எடுத்து, ரெண்டு பக்கமும் நல்லெண்ணெய் பூசி, கண்ணாடி மாதிரிக் குடுத்தனான். அதுக்குப் பிறகும் இவருக்குப் பூட்டத் தெரியேல்லையே!"

சபை சிரிக்கும். என் பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரிப்பார்கள். மாமா எல்லாருக்கும் மேலாகச் சிரித்துக்கொண்டு, மேசைக்குக் கீழே என் காலை மிதித்தபடி இருப்பார். நானும் சிரிப்பேன்.

போன வருடம் ஒரு விருந்தில், புதிதாக வந்த மெக்கானிக் பையன் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி, "அன்ரி, கிளச் தட்டுக்கு எண்ணெய் பூசினால்..." என்று தொடங்கினான். மாமாவும் நானும் ஒரே நேரத்தில் எழுந்து, ஆளுக்கொரு வடையை அவனுடைய வாய்க்கு நேரே நீட்டினோம்.